ஒரு பெயரும் பல நோய்களும்

முதுமையில் வரும் மறதியை உலகம் நெடுங்காலம் நோயாகக் கருதியதில்லை. தலை நரைப்பதும் பல் விழுவதும் போல நினைவு குறைவதும் ஆண்டுகளின் விளைவே என்று மக்கள் எண்ணினர். மருத்துவரும் பெரும்பாலும் அவ்வாறே எண்ணினர். பெற்ற மகனை யாரென்று வினவும் தாயையும், தாம் வாழும் வீட்டிலிருந்தே வீட்டுக்குப் போகவேண்டுமென்று புறப்படும் தந்தையையும் கண்டு குடும்பத்தவர் வருந்தினர். ஆயினும் அந்நிலைக்கு ஒரு காரணம் இருக்கவேண்டும் என்றும், காரணத்துக்கு ஏற்ப மருந்தும் மாறவேண்டும் என்றும் நினைத்தவர் மிகச் சிலரே. அச்சிலரின் முயற்சி 200 ஆண்டுகளாகத் தொடர்ந்துவருகின்றது. அதன் வரலாறு அறியத்தக்கது. ஏனெனில் அது இன்னும் முடிவுறாத வரலாறு.

மேனாட்டு மருத்துவ நூல்கள் இந்நிலையை டிமென்சியா என வழங்குகின்றன. மனம் தன்னை விட்டு நீங்கிய நிலை என்பது இலத்தீன் மொழியிலிருந்து வந்த அச்சொல்லின் பொருள். தமிழில் மறதிநோய் என்பது பெருவழக்கு. எனினும் நினைவு மட்டுமன்றி, மொழி, வழியறிதல், ஆராய்ந்து முடிவு செய்தல், பிறருடன் பழகும் பண்பு ஆகியனவும் இதிற் சிதைவதால் அறிவுத்தேய்வு என்பதே கூடிய பொருத்தமுடையது. உலகச் சுகாதார தாபனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடி 70 இலட்சம் மக்கள் அறிவுத்தேய்வுடன் வாழ்ந்தனர். அவர்களுள் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் வருமானம் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளிலும் வாழ்வோர். இத்தனை கோடி மக்களும் ஒரே நோயால் வருந்துகின்றனரா, அன்றி ஒரே பெயரின் கீழ்ப் பல நோய்கள் மறைந்துள்ளனவா என்பதே வினா.

அவ்வினா பாரிஸ் நகரிற் பிறந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மனநோயாளரின் சங்கிலிகளை அகற்றும் இயக்கத்தோடு பெயர் இணைந்து விளங்கும் பிலிப் பினேல், 1801ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் மனநோய்களைச் சில பெருவகைகளாகப் பிரித்தார். டிமென்சியா அவற்றுள் ஒன்று. அவருடைய மாணவர் எஸ்கிறோல் 1838ஆம் ஆண்டில் ஒரு முக்கியமான வேறுபாட்டைத் தெளிவாக்கினார். பிறவியிலேயே அறிவு வளராதவர் வேறு. வளர்ந்திருந்த அறிவைப் பின்னர் இழந்தவர் வேறு என்றார் அவர். டிமென்சியா என்பது இழப்பு. இழப்பு என்றால் அதற்கு முன் ஒரு நிலை இருந்தது. இடையில் ஏதோ ஒன்று நிகழ்ந்தது. அவ்வாறு நிகழ்ந்தது யாது என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

அதற்கு முதல் விடையைத் தந்தவர் பாரிசுக்கு அருகிலுள்ள சரந்தோன் மனநோய் விடுதியிற் பணியாற்றிய அந்துவான் பேல் என்னும் இளம் மருத்துவர். மனக்குழப்பமும் வீண்பெருமையும் கொண்டு தொடங்கி, நாக்குளறி, கைகால் தளர்ந்து, இறுதியில் அறிவு முற்றும் அழிந்து சிலர் இறந்தனர். மனக்கோளாறு ஒரு நோய், கைகால் தளர்ச்சி அதன்மேல் வந்த வேறொரு நோய் என்பதே அக்காலக் கருத்து. 1822ஆம் ஆண்டில் பேல் தம் பட்ட ஆய்வில், இறந்தோரின் மூளையுறைகளிற் கண்ட மாற்றங்களை ஆதாரமாகக் காட்டி, அவை அனைத்தும் ஒரே நோயின் படிகள் என்றார். பிற்காலத்தில் மனநோயாளரின் பொதுப் பாரிசவாதம் என இது பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மனநோய் வைத்தியசாலைகளில் இடம்பெற்ற ஆடவருள் கணிசமான பங்கினர் இந்நோயினர். வந்தவர் சில ஆண்டுகளில் இறந்தனர். குடிப்பழக்கம், மூளையுழைப்பு, பரம்பரை, ஒழுக்கக்கேடு எனப் பல காரணங்கள் கூறப்பட்டன.

உண்மை 20ஆம் நூற்றாண்டிலேயே வெளிப்பட்டது. 1905ஆம் ஆண்டில் சிபிலிசு என்னும் மேகநோயின் கிருமி இனங்காணப்பட்டது. 1906ஆம் ஆண்டில் அதனை அறியும் வாசர்மான் குருதிப் பரிசோதனை வந்தது. 1913ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஹிதேயோ நொகுச்சி, மூர் ஆகிய இருவரும் பொதுப் பாரிசவாதத்தால் இறந்தோரின் மூளைக்குள்ளேயே அக்கிருமியைக் கண்டனர். காரணம் தெரிந்தபின் மருந்து தேடும் வழி திறந்தது. கடுங்காய்ச்சல் இந்நோயைத் தணிப்பதைக் கண்டிருந்த வியன்னா மருத்துவர் வாக்னர்-யாவுரெக், 1917ஆம் ஆண்டில் மலேரியா நோயாளியின் குருதியை இந்நோயாளருக்கு ஏற்றினார். ஆபத்து மிகுந்த முறைதான். அதனால் இறந்தோரும் உண்டு. ஆயினும் இறப்பு உறுதியென்று கைவிடப்பட்டோரில் ஒரு பகுதியினர் எழுந்து நடந்தனர். 1927ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1943ஆம் ஆண்டில் மேகநோய்க்குப் பெனிசிலின் பயன்படத் தொடங்கியபின் காய்ச்சல் முறையும் வேண்டாததாயிற்று. மருத்துவம் பரவிய நாடுகளின் வைத்தியசாலைகளிலிருந்து பொதுப் பாரிசவாதம் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

இரண்டாவது எடுத்துக்காட்டு உணவைப் பற்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிற் பெலாக்ரா என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தோல் வெடித்தல், வயிற்றுப்போக்கு, அறிவுத்தேய்வு ஆகிய மூன்றும் அதன் குறிகள். மனநோய் விடுதிகள் அந்நோயாளரால் நிறைந்தன. இது தொற்றுநோய் என்பதே பலரின் துணிபு. அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த ஜோசப் கோல்ட்பேகர் 1914ஆம் ஆண்டில் இதனை ஆராயப் புறப்பட்டார். விடுதியில் நோயாளருக்கு வந்த நோய், அவர்களோடு நாள்முழுதும் பழகிய பணியாளருக்கு வரவில்லை என்பதை அவர் கவனித்தார். நோயாளர் உண்டது பெரும்பாலும் சோளமா, வெல்லப்பாகு, கொழுப்பு. பணியாளருக்கோ பாலும் இறைச்சியும் கிடைத்தன. அநாதை விடுதிகளிலும் ஒரு மனநோய் விடுதியிலும் உணவை மாற்றினார், நோய் அகன்றது. குறைந்த சத்து எதுவென்று அறியாமலே 1929ஆம் ஆண்டில் அவர் இறந்தார். நிக்கொட்டினிக்கமிலம் என்னும் உயிர்ச்சத்தே அது என்பதை 1937ஆம் ஆண்டில் கொன்ராட் எல்வேயெம் காட்டினார். நெடுங்காலம் பித்தரென அடைக்கப்பட்டிருந்தோருட் சிலர், வயிறார நல்லுணவு கிடைக்காமையாலேயே அந்நிலையை அடைந்தவர் என்பது அப்போது தெளிவாயிற்று.

மூன்றாவது எடுத்துக்காட்டு தைரொயிட்டுச் சுரப்பியின் குறைபாடு. முகம் வீங்கி, பேச்சு மந்தமாகி, நினைவு தளரும் இந்நோயினால் வருந்திய ஒரு பெண்ணுக்கு, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோர்ஜ் மறே என்னும் மருத்துவர் 1891ஆம் ஆண்டில் ஆட்டின் தைரொயிட்டுச் சாற்றை ஊசிமூலம் ஏற்றினார். அப்பெண் அதன்பின் 28 ஆண்டுகள் நலமுடன் வாழ்ந்தார்.

இம்மூன்று வரலாறுகளிலும் ஒரு பொதுமை உண்டு. காரணம் அறியப்பட்ட நோய் டிமென்சியா என்ற பெயரை விட்டு நீங்கி, மேகநோய், சத்துக்குறைவு, சுரப்பிநோய் எனத் தனக்குரிய பெயரைப் பெற்றது. காரணம் அறியப்படாதவையே பழைய பெயரின் கீழ் எஞ்சின. ஆகவே டிமென்சியா குணப்படாதது என்ற எண்ணம் வலுப்பெற்றதில் வியப்பில்லை. குணமானவை ஒவ்வொன்றாக அக்கணக்கிலிருந்து கழிக்கப்பட்டுவிட்டன.

எஞ்சியவற்றுள் மிகப் பெரியது இன்று அல்சைமர் நோய் எனப்படுகின்றது. 1901ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜேர்மனியின் பிராங்போட் நகர மனநோய் விடுதியில் அகுஸ்டே டெட்டர் என்னும் 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். கணவர்மீது காரணமற்ற ஐயம், வேகமாக வளர்ந்த மறதி, வீட்டுப் பொருள்களை எங்கெங்கோ ஒளித்துவைத்தல் ஆகியவை அவரிடம் காணப்பட்டன. அவ்விடுதியின் மருத்துவர் அலொயிஸ் அல்சைமர் அவரிடம் கேட்ட கேள்விகளையும் பெற்ற விடைகளையும் ஒன்றுவிடாமல் எழுதிவைத்தார். பெயரை எழுதச் சொன்னபோது அப்பெண்ணால் அதனை எழுதி முடிக்க இயலவில்லை. தன்னையே தான் தொலைத்துவிட்டதாக அவர் கூறியதும் பதிவாகியுள்ளது. காணாமற்போனதெனக் கருதப்பட்ட அக்கோப்பு 1995ஆம் ஆண்டில் பிராங்போட்டிலேயே மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

அல்சைமர் பின்னர் மியூனிக் நகரில் எமில் கிரெப்லின் என்னும் பேராசிரியரின் நிலையத்துக்குச் சென்றார். 1906ஆம் ஆண்டு ஏப்பிரலில் அகுஸ்டே இறந்தபோது அவருடைய மூளை மியூனிக்குக்கு அனுப்பப்பட்டது. அக்காலத்திற் புதிதாக வந்திருந்த வெள்ளிச் சாய முறையால் நிறமூட்டி, நுணுக்குக்காட்டியினூடு நோக்கிய அல்சைமர் இரண்டு மாற்றங்களைக் கண்டார். நரம்புக் கலங்களுக்கு வெளியே பொட்டுப்பொட்டாகப் படிவுகள் கிடந்தன. கலங்களின் உள்ளே நூற்சிக்கல் போன்ற இழைகள் நிறைந்திருந்தன. அவ்வாண்டு நவம்பரில் தியூபிங்கன் நகரிற் கூடிய மனநோய் மருத்துவர் மாநாட்டில் இதனை எடுத்துரைத்தார். அவையிலிருந்து ஒரு வினாவும் எழவில்லை.

அதே காலத்திற் பிராக் நகரில் ஒஸ்கார் பிஷர் என்பவர், முதுமைத் தேய்வினால் இறந்த 16 பேரின் மூளைகளை ஆராய்ந்து, அவற்றுள் 12இல் அத்தகைய படிவுகளைக் கண்டு 1907ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதாவது, 51 வயதுப் பெண்ணிடம் அல்சைமர் கண்டதைப் பிஷர் முதியோரிடமே கண்டார். இரண்டையும் சேர்த்து நோக்கியிருந்தால், முதுமைத் தேய்வும் ஒரு நோயே என்ற முடிவு அப்போதே கிட்டியிருக்கும். ஆனால் 1910ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பாடநூலின் எட்டாம் பதிப்பில், கிரெப்லின் இளவயதில் வருவதை மட்டும் தனியே பிரித்து அல்சைமர் நோய் எனப் பெயரிட்டார். மியூனிக்குக்கும் பிராக்குக்கும் இடையிலிருந்த போட்டியே இதற்குக் காரணம் எனப் பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் ஊகித்தனர். அல்சைமர் தாமே 1911ஆம் ஆண்டில், இது முதுமைத் தேய்வின் வழக்கத்துக்கு மாறான ஒரு வடிவமாகலாம் என்று எழுதினார். அவர் 1915ஆம் ஆண்டில் மறைந்தார். பிஷர் 1942ஆம் ஆண்டில் நாசிகளின் தெரேசியன்ஸ்டாட் சிறையில் உயிரிழந்தார். அவர் பெயரும் நெடுநாள் மறக்கப்பட்டது.

வயதை எல்லையாக வைத்த அப்பாகுபாடு அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. 65 வயதுக்கு முன் வந்தால் அல்சைமர் நோய், அரிதானது, ஆராயத்தக்கது. அதன்பின் வந்தால் முதுமை, அல்லது குருதிக்குழாய் தடித்தல், அதில் ஆராய ஒன்றுமில்லை. ஒரு சொல்லின் எல்லை எத்தனை பேரை மருத்துவரின் பார்வையிலிருந்து மறைக்க முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. மூளையின் மாற்றம் ஒன்றாயிருக்க, பிறப்புச் சான்றிதழே நோயின் பெயரைத் தீர்மானித்தது.

இவ்வெல்லையை உடைத்தவர் நியூகாசில் நகரின் மார்ட்டின் றொத், பேர்னாட் டொம்லின்சன், கரி பிளெஸ்ட் ஆகிய மூவர். அவர்கள் முதியோரின் நினைவையும் அன்றாடச் செயல்திறனையும் உயிரோடிருக்கும்போதே புள்ளியிட்டு அளந்து, இறந்தபின் மூளையிலுள்ள படிவுகளை எண்ணி ஒப்பிட்டனர். படிவு மிக மிக அறிவுத்தேய்வும் மிகுந்தது என 1968ஆம் ஆண்டில் அறிவித்தனர். முதியோர் பலரின் மூளையில் இருந்தது அகுஸ்டேயின் மூளையில் இருந்ததே. 1976ஆம் ஆண்டில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ரொபேட் கட்ஸ்மன், இளவயதினது, முதுவயதினது என்ற பிரிவை நீக்கினால் அல்சைமர் நோய் அந்நாட்டின் பெருங்கொல்லிகளுள் ஒன்றாகும் என்று எழுதினார். அரிய நோய் ஒரே தலைமுறையிற் பெருநோயாயிற்று. ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது. குடும்பங்களின் சங்கங்கள் தோன்றின. முதுமை என்ற சொல்லால் மூடப்பட்டிருந்த துயரம் நோயென ஏற்கப்பட்டது பெரும் பேறே.

ஆனால் அதன் மறுபுறத்தில் ஒரு தீங்கும் நேர்ந்தது. முன்பு எல்லாம் முதுமை எனப்பட்டது போல, இப்போது எல்லாம் அல்சைமர் எனப்படலாயிற்று. அவ்வாறன்று என்பதைக் காட்டும் ஆராய்ச்சிகள் அக்காலத்திலேயே நடந்தன. கொலம்பியா நாட்டின் சலமோன் ஹக்கிம், அமெரிக்க மருத்துவர் றேமண்ட் அடம்சுடன் சேர்ந்து, 1965ஆம் ஆண்டில் ஒரு தனி நோயை விவரித்தார். மூளையறைகளில் நீர் பெருகுவதால் நடை தடுமாறும், சிறுநீர் அடங்காது, அறிவு மங்கும். சத்திரசிகிச்சையால் ஒரு குழாயை வைத்து நீரை வடித்தால் உரிய நோயாளர் பலர் தேறுவர். 1974ஆம் ஆண்டில் கனடாவின் விளாடிமிர் ஹச்சின்ஸ்கியும் அவருடன் ஆராய்ந்தோரும், குருதிக்குழாய் தடித்தல் என்று பொதுவாகச் சொல்லப்பட்டது தவறு என்றும், மூளையிற் பலமுறை நேரும் சிறுசிறு அடைப்புகளே ஒருவகை அறிவுத்தேய்வைத் தருகின்றன என்றும் காட்டினர். அவ்வகையைக் குருதியமுக்கத்தைக் கட்டுப்படுத்துவதன்மூலம் தடுக்க முயலலாம்.

1976ஆம் ஆண்டில் யப்பானிய மருத்துவர் கென்ஜி கொசாகா இன்னொரு வகையை விவரித்தார். நடுக்குவாத நோயாளரின் மூளையில் 1912ஆம் ஆண்டில் லூவி என்பவர் கண்ட உருண்டைகள், இவ்வகையினரின் மூளைப் புறணியெங்கும் பரந்திருந்தன. இல்லாத மனிதரும் விலங்கும் கண்முன் தோன்றுதல், ஒருநாள் தெளிவும் மறுநாள் மயக்கமுமாக இருத்தல் ஆகியவை இதன் குறிகள். தோற்றமயக்கம் கண்டால் மனநோய் மருந்து கொடுப்பதே வழக்கம். நியூகாசில் மருத்துவர்கள் 1992ஆம் ஆண்டில், இந்நோயினர் பலருக்கு அம்மருந்தே உடல் விறைப்பையும் நினைவிழப்பையும் தந்து மரணத்தை விரைவுபடுத்துகின்றது என்று எச்சரித்தனர். வகைபிரித்தல் நூலறிஞரின் விளையாட்டு அன்று என்பதற்கு இது சான்று. பெயர் பிழைத்தால் மருந்து நஞ்சாகும்.

இதற்கிடையில் அல்சைமர் கண்ட படிவுகளின் தன்மையும் வெளிப்பட்டது. 1984ஆம் ஆண்டில் ஜோர்ஜ் கிளெனர், கேன் வொங் ஆகியோர், படிவுகளாகும் அமிலோயிட்டுப் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். கலத்துள் உள்ள சிக்கல் டோ என்னும் புரதத்தாலானது என்பது சில ஆண்டுகளில் உறுதியாயிற்று. 1991ஆம் ஆண்டில் இலண்டன் ஆராய்ச்சியாளர், தலைமுறை தலைமுறையாக இளவயதில் இந்நோய் வந்த குடும்பத்தில் அமிலோயிட்டுக்குரிய மரபணுவிற் பிழை இருப்பதைக் கண்டனர். 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், முதுவயதில் வரும் நோய்க்கு அப்போஈ என்னும் மரபணுவின் நான்காம் வகை வாய்ப்பைக் கூட்டுகின்றது என்றனர். 2004ஆம் ஆண்டில் பிற்ஸ்பேர்க், உப்சாலா ஆராய்ச்சியாளர் கூட்டாக, உயிரோடிருப்பவரின் மூளையிலேயே அமிலோயிட்டுப் படிவைக் காட்டும் படப்பிடிப்பு முறையை வெளியிட்டனர். பிணத்தில் மட்டும் காணக்கூடியதாயிருந்ததை நோயாளரிடத்திலேயே காணும் காலம் வந்தது.

அது வருமுன் நேர்ந்த இழப்பு சிறிதன்று. அமிலோயிட்டை அகற்றும் நோக்குடைய மருந்துகள் பல பரிசோதிக்கப்பட்டுத் தோற்றன. 2012ஆம் ஆண்டில் தோல்வியுற்ற பெரும் பரிசோதனை ஒன்றிற் பங்குபற்றியோருள் ஒரு பகுதியினரைப் படம்பிடித்தபோது, அப்போஈ நான்காம் வகை இல்லாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரின் மூளையில் அமிலோயிட்டுப் படிவு போதிய அளவு இருக்கவேயில்லை. தம்மிடம் இல்லாத ஒன்றை அகற்றும் மருந்தை அவர்கள் பல மாதம் பெற்றிருந்தனர். அடையாளக் குறிகளை மட்டும் நம்பிப் பெயரிட்டதன் விளைவு இது.

துல்லிய மருத்துவம் என்ற சொல் இவ்விடத்திற் பொருள்பெறுகின்றது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையால் அச்சொல் பரவியது. நோய்களைப் புறக்குறிகளால் அன்றி அவற்றின் உள்ளார்ந்த காரணங்களால் வகுத்து, ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய சிகிச்சையை அளிப்பதே அதன் நோக்கம். 2018ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் குழு ஒன்று, அமிலோயிட்டு, டோ, நரம்புச் சிதைவு ஆகிய மூன்றின் அளவுகளைக் கொண்டே அல்சைமர் நோயை வரையறுக்க வேண்டும் என்று முன்மொழிந்தது. முதுகுத்தண்டு நீரிலும் படப்பிடிப்பிலும் காணப்பட்ட அவ்வளவுகளைக் குருதியிலேயே அறியும் பரிசோதனை ஒன்றை 2025ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து ஆணையம் அனுமதித்தது.

மருந்திலும் மாற்றம் வந்தது. அமிலோயிட்டு இருப்பதை உறுதிசெய்து, நோயின் தொடக்க நிலையிலிருந்த 1,795 பேரிடம் லெக்கனமாப் என்னும் பிறபொருளெதிரி மருந்து பரிசோதிக்கப்பட்டது. 18 மாதத்தில் நோயின் முன்னேற்றம் 27 வீதம் மெதுவாயிற்று. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அது முழு அனுமதி பெற்றது. பயன் உண்மையானது, ஆனால் சிறியது. 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் அவ்வேறுபாடு அரைப் புள்ளிக்கும் குறைவு. இழந்த நினைவு அதனால் மீள்வதில்லை. மூளைவீக்கம், குருதிக்கசிவு என்னும் ஆபத்துகளும் உண்டு. அப்போஈ நான்காம் வகை இல்லாதவர்களில் 5.4 வீதத்தினருக்கே மூளைவீக்கம் படத்தில் தென்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அவ்வகையைப் பெற்றவர்களில் 32.6 வீதத்தினருக்குத் தென்பட்டது. ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் 2025ஆம் ஆண்டில் அனுமதி வழங்கியபோது இப்பின்னவரை விலக்கியது. நோய் ஒன்றாயினும் ஆள் மாறினால் மருந்தின் பொருத்தமும் மாறுகின்றது.

எனினும் முதுமையில் நோயே ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் அண்மைக்கால ஆராய்ச்சி காட்டியுள்ளது. 1986ஆம் ஆண்டில் டேவிட் ஸ்னோடன் என்பவர் அமெரிக்காவிற் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினார். 678 சகோதரிகள் இறந்தபின் தம் மூளையை ஆராய்ச்சிக்கு அளிக்க இசைந்தனர். மூளையில் அல்சைமர் மாற்றங்கள் நிறைந்திருந்தும் இறுதிவரை தெளிவோடு வாழ்ந்தோர் அவர்களிடை இருந்தனர். அம்மாற்றங்களோடு சிறு குருதியடைப்புகளும் சேர்ந்தவரிடமே அறிவுத்தேய்வு மிக்குத் தோன்றியது. சிக்காகோவின் றஷ் மருத்துவ நிலையம் 1,079 முதியோரின் மூளைகளை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இதனினும் வியப்புடையது. அல்சைமர் மாற்றம், லூவி உருண்டை, குருதியடைப்பு முதலியவை 230க்கும் மேற்பட்ட வேறுவேறு சேர்க்கைகளாக அவர்களிடம் காணப்பட்டன. எந்த ஒரு சேர்க்கையும் நூற்றுக்கு ஆறு பேரிடம்கூட இருக்கவில்லை.

ஆகவே பினேலின் காலந்தொட்டு வந்த பெட்டிகள் இனிப் போதமாட்டா. இன்னாருக்கு இன்ன நோய் என்று ஒரு பெட்டியில் இடுவதைவிட, இன்னாரிடம் எவையெவை எவ்வளவு உள்ளன என்று கணக்கிடுவதே பொருத்தம் என மருத்துவ உலகம் உணர்ந்துவருகின்றது. புற்றுநோய்க்குப் பல மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது போல, இங்கும் சேர்க்கைக்கேற்ற சேர்க்கை மருத்துவம் வேண்டும் என்பது அதன் முடிபு. அம்மருந்துகளுட் பல இன்னும் பிறக்கவில்லை.

இதில் கருத்து வேற்றுமையும் உண்டு. குருதியில் அமிலோயிட்டின் அடையாளம் தென்பட்டாலே நோயாளி எனலாம் என்பது ஒரு சாராரின் கொள்கை. படிவு இருந்தும் நோய் வராமலே வாழ்ந்து மறைவோர் பலர் இருக்க, நலமாயுள்ளவருக்கு நோயின் பெயரைச் சூட்டுவது தீங்கு என்பது மற்றச் சாராரின் மறுப்பு. பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று 2021ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் இம்மறுப்பை விரிவாக எழுதியது. கிரெப்லின் இட்ட பெயர் முதியோரை மறைத்தது. இன்று இடும் பெயர் நலமுள்ளோரை அச்சுறுத்தலாகாது என்ற கவலை நியாயமானதே. விலையுயர்ந்த படப்பிடிப்பும் மருந்தும் செல்வநாடுகளுக்கே எட்டுகின்றன. நோயாளரில் பெரும்பகுதியினரோ ஏனைய நாடுகளில் வாழ்கின்றனர் என்பது இன்னொரு கவலை.

ஆனால் இவ்வரலாறு தரும் பாடம் அனைத்தும் விலையுயர்ந்ததன்று. தைரொயிட்டுக் குறைவையும், உயிர்ச்சத்து பி12 குறைவையும், மேகநோயையும் சாதாரண குருதிப் பரிசோதனை காட்டும். நடைத் தடுமாற்றத்தை மருத்துவரின் கண்ணே காணும். உண்ணும் மருந்துகளின் பட்டியலைப் பார்த்தால் மறதியைத் தரும் மருந்து தெரியவரும். செவிப்புலன் குறைவு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல் முதலிய 14 காரணிகளைச் சீர்செய்தால் உலகின் அறிவுத்தேய்வில் 45 வீதம்வரை தடுக்கவோ பிற்படுத்தவோ கூடும் என்று லான்செட் என்னும் மருத்துவ ஏடு அமைத்த ஆணையம் 2024ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. இவற்றைத் தேடாமல் வயதின்மீது பழிபோட்டு விடும் வழக்கமே கோல்ட்பேகருக்கும் ஹக்கிமுக்கும் முன்னிருந்த வழக்கம். வீட்டிலுள்ள முதியவரின் நினைவு மங்கும்போது, இது முதுமை என்று சொல்லி அமைவதை விடுத்து, இது எதனால் என்று மருத்துவரிடம் கேட்கும் உரிமை அவருடைய குடும்பத்தினருக்கு உண்டு. அக்கேள்வியைக் கேட்டவர்களாலேயே இதுவரை மீண்டவர் மீண்டனர்.